ஒரு கோப்பை மக்ரோனி எத்தனை கிராம்?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு கெட்டுப்போயிற்று. எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ஒரு சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு மக்ரோனி செய்யப் புறப்பட்டாள். குறிப்பில் 'மக்ரோனி 2 கோப்பை' என்று இருந்தது. அலமாரியில் மக்ரோனி இல்லை. 'பென்னே' என்று சொல்கிறார்களே, பேனா முனைபோலச் சரிவாக வெட்டிய நீளக் குழல், அந்தப் பாஸ்தா ஒரு பொட்டலம் இருந்தது. "எல்லாம் ஒரே கோதுமை மாவுதானே அப்பா" என்று சொல்லி அதில் இரண்டு கோப்பை அளந்து வேகவைத்தாள். தக்காளியும் உப்பும் காரமும் குறிப்பில் கண்டபடியே போட்டாள். கடைசியில் தட்டுக்கு வந்தது, உப்பு தூக்கலான தக்காளிக் குழம்பில் அங்கங்கே மிதக்கும் குழல்கள்.

"குறிப்பு தப்பு" என்றாள் மகள். "நீ அளந்தது தப்பு" என்றாள் அவள் அம்மா. நான் கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறவன். இரண்டு பேர் சொல்வதும் பாதிப் பாதி சரி என்றேன். இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் மகள் ஒரு யோசனையோடு வந்தாள். கோப்பைக் கணக்கைக் கிராம் கணக்காக மாற்றித் தரும் அட்டவணைகள் இருக்கின்றனவாம்; அவற்றைப் பார்த்தால் தீர்ந்தது என்றாள். மூன்று அட்டவணைகளைப் பார்த்தோம். ஒரு கோப்பை மக்ரோனி ஒன்றில் 105 கிராம், அடுத்ததில் 115, இன்னொன்றில் 125. "இதில் எது சரி?" என்று கேட்டாள்.

மாணவர்களே, இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் இதை எழுதுகிறேன். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று எண்களும் சரியாக இருக்கலாம். கேள்விதான் முழுமையாக இல்லை. நம் வகுப்பறைகளில் 'அலகு மாற்றம்' என்று நாங்கள் நடத்தும் பாடம், இப்படி ஒரு முழுமையில்லாத கேள்வி இருக்கக்கூடும் என்பதையே உங்களுக்குக் காட்டுவதில்லை. அது எங்கள் குறை.

ஓர் அங்குலம் 2.54 சென்டிமீட்டர். இது 1959இல் பல நாடுகள் கூடி ஒப்புக்கொண்ட எண். இரும்பை அளந்தாலும் துணியை அளந்தாலும் மாறாது. இதுதான் உண்மையான அலகு மாற்றம்: ஒரே ராசிக்கு இரண்டு பெயர். ஆனால் லிட்டரைக் கிலோவாக மாற்றுவது அப்படி அன்று. லிட்டர் கன அளவு, கிலோ நிறை. (கடையிலும் வீட்டிலும் 'எடை' என்கிறோம். வகுப்பில் எடையும் நிறையும் வேறு என்று உங்களை மிரட்டுகிற நானும் இந்தக் கட்டுரையில் எடை என்றே எழுதப்போகிறேன்.) கன அளவிலிருந்து எடைக்குப் போக அந்தப் பொருளின் அடர்த்தி வேண்டும். தண்ணீருக்கு லிட்டருக்கு ஒரு கிலோ, தேங்காய் எண்ணெய்க்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. இதுவரை உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. தானியம், பாஸ்தா, சர்க்கரை, ஜல்லி போன்றவற்றுக்கு இதற்கு மேலும் ஒன்று தெரிய வேண்டும்: அவை பாத்திரத்துக்குள் எப்படிக் கிடக்கின்றன? அது புத்தகத்தில் இல்லை.

வீட்டில் ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு இருந்தது. 240 மில்லிலிட்டர் கோப்பை ஒன்றை எடுத்தோம். வளைந்த சிறு குழல்களாக வரும் மக்ரோனியைக் கடையிலிருந்து வாங்கி வந்து, கோப்பையில் கொட்டி, ஓர் அளவுகோலால் தலை தட்டி நிறுத்தோம். 108 கிராம். திரும்பக் கொட்டி மறுபடி அளந்தோம். 104. பிறகு 111, 107, 110. சராசரி 108 கிராம். கோப்பையை மேஜைமேல் பத்துத் தட்டுத் தட்டி, அமுங்கிய இடத்தை நிரப்பி நிறுத்தபோது 119 ஆயிற்று. ஆகவே அட்டவணைக்காரர்கள் யாரும் பொய் சொல்லவில்லை.

அடுத்து பென்னே. 81, 90, 85, 79, 88. சராசரி 85 கிராம். இப்போது சாப்பாடு கெட்ட காரணம் தெரிந்துவிட்டது. குறிப்பு எழுதியவர் மனத்தில் இருந்தது இரண்டு கோப்பை மக்ரோனி, அதாவது 216 கிராம். மகள் போட்டது 170 கிராம். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. உப்பும் காரமும் மட்டும் 216 கிராமுக்கு.

கடைசியாகப் புழுங்கல் அரிசியை அதே கோப்பையில் அளந்தோம். 196, 198, 197, 198, 196. மகள் தராசு பழுதாகிவிட்டதோ என்று சந்தேகப்பட்டாள். பென்னே ஒரு தடவைக்கு ஒரு தடவை 11 கிராம் வரை ஆட்டம் காட்டியது. அரிசியில் அந்த ஆட்டம் 2 கிராம்தான்.

மக்ரோனி 108, பென்னே 85, அரிசி 197. பாஸ்தாவைவிட அரிசி கனமான பொருளா? இதையும் சோதித்தோம். அளவுச் சாடியில் 200 மில்லிலிட்டர் கடலை எண்ணெய் ஊற்றி, 100 கிராம் மக்ரோனியை அதில் போட்டு, குழலுக்குள் சிக்கிய காற்றுக் குமிழ்கள் வெளியேறும்வரை கிளறினோம். எண்ணெய் 270க்கு ஏறியது. ஆகவே 100 கிராம் மாவுப் பொருளின் உண்மையான கன அளவு 70 மில்லிலிட்டர். அடர்த்தி ஏறக்குறைய 1.43. அரிசியைப் போட்டபோது 69 மில்லிலிட்டர், அடர்த்தி 1.45. (தண்ணீர் வேண்டாம். பாஸ்தா தண்ணீரை உறிஞ்சும். எண்ணெயை அவ்வளவு சீக்கிரம் உறிஞ்சாது. எண்ணெயை வடிகட்டித் தாளிக்க எடுத்துக்கொண்டோம். சோதனைக்குச் செலவு இல்லை.)

இரண்டும் பெரும்பாலும் மாவுச் சத்துதான். அடர்த்தியும் ஏறத்தாழ ஒன்றுதான். அப்படியானால் கோப்பையில் தெரியும் அவ்வளவு வித்தியாசமும் எதனால்? காற்றினால்! கணக்குப் போட்டுப் பாருங்கள். 108 கிராம் மக்ரோனியின் உண்மைப் பருமன் 108 ÷ 1.43, அதாவது 75 மில்லிலிட்டருக்குச் சற்று மேல். கோப்பையோ 240. ஆக நூற்றுக்கு 31 பங்குதான் பாஸ்தா. மீதி 69 பங்கு காற்று. பென்னேயில் 25 பங்கு பாஸ்தா, 75 பங்கு காற்று. அரிசியில் 57 பங்கு அரிசி, 43 பங்கு காற்று. கோப்பையால் அளக்கும்போது நாம் பெரும்பாலும் காற்றைத்தான் அளக்கிறோம்.

இந்தக் காற்று எவ்வளவு இருக்கும் என்று கண்டுபிடிப்பது லேசான காரியம் அன்று. உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள், அதைவிட எளிய வடிவம் கிடையாது. ஒரே அளவு உருண்டைகளை எவ்வளவு நெருக்கமாக அடுக்கலாம்? பழக்கடைக்காரர் ஆரஞ்சுப் பழத்தைக் கோபுரமாக அடுக்குகிறாரே, அதைவிட நெருக்கமாக அடுக்க முடியாது என்று 1611இல் கெப்ளர் ஊகித்தார். கோள்களின் பாதையைக் கண்ட அதே கெப்ளர்தான். அந்த அடுக்கில் நூற்றுக்கு 74 பங்குக்குச் சற்று மேல் இடம் நிரம்பும். அந்த ஊகத்துக்கு நிரூபணம் கிடைத்ததாகத் தாமஸ் ஹேல்ஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் அறிவித்தது 1998இல். நிரூபணம் முழுவதையும் கணிப்பொறியைக்கொண்டு ஒவ்வொரு படியாகச் சரிபார்த்து முடித்தது 2014இல். பழக்கடைக்காரருக்குத் தெரிந்ததை நிரூபிக்க நானூறு ஆண்டுகள்! (இன்னொரு ஹேல்ஸும் உண்டு. ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், 1727இல் வெளியிட்ட நூலில், பட்டாணியைப் பானையில் இட்டு அழுத்திப் பார்த்ததைச் சொல்கிறார். பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான்.)

அடுக்காமல் சும்மா கொட்டினால்? 1960 வாக்கில் பெர்னால் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி எஃகுக் குண்டுகளைக் கொட்டிப் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள். நன்றாகக் குலுக்கினாலும் நூற்றுக்கு 64 பங்கு அளவில் நின்றுவிடுகிறது. 2004இல் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் தட்டையான பொத்தான் வடிவ மிட்டாய்களைக் கொட்டி ஆராய்ந்தபோது, அவை உருண்டைகளைவிட நெருக்கமாக, 68 பங்குக்கு மேலும், உட்கார்ந்தன. வடிவம் கொஞ்சம் நீண்டோ தட்டையாகவோ போனால் நெருக்கம் கூடுகிறது. மிகவும் நீண்டுவிட்டால் ஒன்றுக்கொன்று குறுக்கே விழுந்து நெருக்கம் குறைகிறது. தீக்குச்சிகளைக் கன்னாபின்னாவென்று கொட்டிப் பாருங்கள், பெட்டியில் அடங்காது. ஒரே திசையில் அடுக்கினால் அடங்கும். நீளமான ஸ்பகெட்டியும் நம் சேமியாவும் இந்த ஜாதி. சேமியாவில் இன்னொரு தொல்லை: உடைத்து அளப்பதா, உடைக்காமல் அளப்பதா? குறிப்பு எழுதுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

மக்ரோனிக்கு உள்ளே வேறு துளை. வெளி விட்டம் 6 மில்லிமீட்டர், உள் விட்டம் 4 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், குழலில் 36க்கு 16 பங்கு, ஏறக்குறைய பாதி, வெறும் துளை. வெளியில் உள்ள இடைவெளிக் காற்றோடு இதையும் சேர்த்துத்தான் கோப்பை அளக்கிறது.

இன்னொன்றையும் கண்டோம். பென்னேயை ஒரு லிட்டர் பாத்திரத்தில் அளந்தபோது 392 கிராம் பிடித்தது. அதன்படி 240 மில்லிலிட்டருக்கு 94 கிராம் வர வேண்டும். கோப்பையில் வந்ததோ 85தான். காரணம் பாத்திரத்தின் சுவர். சுவரை ஒட்டிய இடத்தில் குழல்கள் சரியாகப் படிவதில்லை. அங்கே காற்று அதிகம். சின்னக் கோப்பையில் உள்ள எல்லா இடமும் சுவருக்குப் பக்கத்தில்தான். ஆகவே பெரிய துண்டுகளுக்கு 'ஒரு லிட்டருக்கு இத்தனை கிராம்' என்று ஓர் எண்ணைச் சொல்லி, கோப்பைக்கும் அதையே வைத்துக்கொள்ள முடியாது. அரிசிக்கு இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. மணி சிறியது, பாத்திரம் பெரியது. நம் முன்னோர் படியும் உழக்கும் ஆழாக்கும் வைத்து அரிசி அளந்தது அறியாமையினால் அன்று. அந்தப் பொருளுக்கு அது நல்ல அளவைதான். பென்னேயை ஆழாக்கில் அளப்பதுதான் அறியாமை.

கோப்பையின் அளவாவது ஒன்றா? அதுவும் இல்லை. அமெரிக்கக் கோப்பை 236.6 மில்லிலிட்டர், அங்கே உணவுப் பொட்டலங்களில் குறிக்கும் கோப்பை 240. ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. எந்த நாட்டுப் புத்தகத்தைப் பார்த்துச் சமைக்கிறோம் என்பதிலேயே நூற்றுக்கு 25 வரை வித்தியாசம் வந்துவிடுகிறது. பாஸ்தாவுக்குப் பேர்போன இத்தாலியில் இந்தச் சங்கடம் இல்லை. அங்கே ஓர் ஆளுக்கு இத்தனை கிராம் என்பதே வழக்கு. அந்நாட்டு ஊட்ட நிபுணர்கள் வைத்திருக்கும் அளவு 80 கிராம். அமெரிக்காவில் கோப்பை வழக்கத்துக்கு ஓர் ஒழுங்கு கொண்டுவந்தவர் பாஸ்டன் நகரச் சமையற்கலைப் பள்ளியை நடத்திய ஃபேனி ஃபார்மர் அம்மையார். 1896இல் வெளிவந்த அவருடைய புத்தகம், கோப்பையையும் கரண்டியையும் தலை தட்டியே அளக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னது. அதற்குமுன் 'குவியலாக ஒரு கரண்டி' என்றெல்லாம் எழுதுவது சாதாரணம்.

தலை தட்டுவது அப்படி என்ன பெரிய விஷயம் என்று நீங்கள் நினைக்கலாம். அது என் வீட்டுக் கதை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் அம்மா தஞ்சைப் பகுதியில் அறுவடைக் கூலிக்குப் போனவர். எண்பதுகளில், நான் சிறுவனாக இருந்தபோது, கூலி நெல்லாகவே வந்தது. களத்து மேட்டில் நெல் அளப்பவர் முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்ல மாட்டார், 'லாபம்' என்பார். பிறகு ரெண்டு, மூணு. அம்மா முந்தானையை விரித்து வாங்கிக்கொள்வார். வீட்டுக்கு வந்ததும் எங்கள் படியால் திரும்ப அளப்பார். எப்போதும் குறையும். "கொடுக்கிறதுக்கு ஒரு மரக்கால், வாங்கறதுக்கு ஒரு மரக்கால்" என்று சொல்லிக்கொண்டே குதிரில் கொட்டுவார்.

அந்தக் களத்தில் இரண்டு மரக்கால்கள் ஒளித்துவைத்திருந்ததாகவே நான் வெகுநாள் நம்பியிருந்தேன். பௌதிகம் படித்தபிறகு ஒருநாள் கேட்டேன். "ரெண்டு எங்கே இருந்தது? ஒண்ணுதான். சர்க்கார் முத்திரைகூட இருக்கும்" என்றார் அம்மா. குத்தகை நெல்லை உள்ளே வாங்கும்போது கூடையைத் தோளுக்கு உயர்த்திக் கொட்டுவார்கள். மரக்காலைக் காலால் ஒரு தட்டுத் தட்டுவார்கள். மேலே கோபுரமாகக் குவிப்பார்கள். கூலி கொடுக்கும்போது கூடையின் விளிம்பை மரக்கால் வாயில் வைத்து மெல்லச் சரிப்பார்கள். ஒரு கோலால் தலை தட்டுவார்கள். பாத்திரம் ஒன்று. அளவு இரண்டு.

உயரத்திலிருந்து விழும் மணி வேகத்தோடு வந்து இடைவெளிகளில் புகுந்து உட்காரும். மெல்லச் சரிந்தது பொத்தென்று காற்றோடு கிடக்கும். மக்ரோனிக் கோப்பையைப் பத்துத் தட்டுத் தட்டியதும் 108 கிராம் 119 ஆனது நினைவிருக்கிறதா? நூற்றுக்குப் பத்து. குவிப்பதில் கிடைப்பது அதைவிட அதிகம். அதை நீங்களே கணக்கிடலாம். நெல்லையோ அரிசியையோ குவித்தால் சரிவு ஒரு குறிப்பிட்ட கோணத்தில் நிற்கும். சுலபத்துக்காக 30 பாகை என்று கொள்வோம். 10 சென்டிமீட்டர் விட்டமும் 20 சென்டிமீட்டர் உயரமும் உள்ள படி ஒன்று. கொள்ளளவு 1571 கன சென்டிமீட்டர். அதன்மேல் நிற்கும் கூம்பின் உயரம் 2.9 சென்டிமீட்டர், கூம்பின் பருமன் 76 கன சென்டிமீட்டருக்குள். தலை தட்டிய அளவில் நூற்றுக்கு 5 பங்குகூட இல்லை. இப்போது அதே 1571 கன சென்டிமீட்டர் கொள்ளும் இன்னொரு படி. ஆனால் விட்டம் 20, உயரம் 5. கூம்பின் பருமன் 604. நூற்றுக்கு 38 பங்கு! வாய் அகன்ற படியில் குவித்து வாங்குகிறவனும், அதே படியில் தலை தட்டிக் கொடுக்கிறவனும் ஒரே ஆளாக இருந்தால் என்ன நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. முத்திரை போட்ட அதிகாரி கொள்ளளவைத்தான் சோதித்தார். வாயின் அகலத்தை அல்ல.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் அன்று. போலந்து நாட்டு வரலாற்றறிஞர் விட்டோல்ட் கூலா, அளவைகளும் மனிதர்களும் என்ற பொருளில் 1970இல் ஒரு புத்தகம் எழுதினார். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகப் பண்ணையார்களுக்கும் குடியானவர்களுக்கும் நடந்த வழக்குகளில், குவித்தா தலை தட்டியா, எந்த உயரத்திலிருந்து கொட்டுவது என்பவையே சண்டை என்று அதில் காட்டுகிறார். 1789இல் பிரெஞ்சு மக்கள் அரசனுக்கு எழுதிய குறைப் பட்டியல்களில், நாடு முழுவதற்கும் ஒரே அளவை வேண்டும் என்பது திரும்பத் திரும்ப வருகிறது. மெட்ரிக் முறை அங்கே பிறந்ததற்கு விஞ்ஞானிகள் மட்டும் காரணம் அல்ல.

நம் நாட்டிலும் அளவைக்கு ஓர் அதிகாரம் தேவைப்பட்டே வந்திருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் 'ஆடவல்லான்' என்ற மரக்கால் வருகிறது. 'இராசகேசரி' என்ற அளவோடு ஒக்கும் என்றும் சொல்லப்படுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, எந்த மரக்கால் என்று பெயர் சொல்லாமல் நெல் கணக்கு எழுத முடியவில்லை! பழைய வாய்பாட்டில் எட்டுப் படி ஒரு மரக்கால். எங்கள் பக்கத்தில் இரண்டு படி கொண்டதையும் மரக்கால் என்பார்கள். 1956இல் இயற்றிய சட்டப்படி, 1958 அக்டோபரிலிருந்து கிலோகிராம் படிப்படியாகப் புழக்கத்துக்கு வந்தது. எங்கள் களத்து மேட்டுக்கு அது வந்து சேர மேலும் பல ஆண்டுகள் பிடித்தன.

தராசு வந்ததும் எல்லாம் நேராகிவிட்டதா என்றால், இல்லை. எடைக்கும் ஒரு பலவீனம் உண்டு: ஈரம். ஈர நெல் எடை கூடும். அதனால்தான் அரசு கொள்முதலில் ஈரப்பதம் நூற்றுக்கு 17க்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஆனால் ஈரத்தை ஒரு கருவியால் அளந்து ஓர் எண்ணாகச் சொல்லிவிடலாம். கூடையை எந்த உயரத்தில் பிடித்தான் என்பதை யார் அளப்பது?

என் கல்லூரி நண்பர் ஒருவர், "சமையலுக்கு இவ்வளவு பௌதிகம் எதற்கய்யா? கைப்பக்குவம் போதாதா?" என்று கேட்டார். நான்கு பேருக்குச் சமைக்கும்போது போதும். பள்ளிக்கூட மதிய உணவை எண்ணிப் பாருங்கள். தேசிய விதிப்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒன்றுக்குத் தானியம் 100 கிராம்; நடுநிலைப் பள்ளிக்கு 150. தொடக்கப் பள்ளியில் இருநூறு பிள்ளைகள் என்றால் 20 கிலோ. சமையலறையில் அதைப் பாத்திரத்தால் அளந்து போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். போன மாத அரிசிக்குச் சரிபார்த்த பாத்திரம். இந்த மாத அரிசி ரகம் வேறு, மணி வேறு. நூற்றுக்குப் பத்துக் குறைந்தாலும் 2 கிலோ. இருபது பிள்ளைகளின் சாப்பாடு. யாரும் திருடவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை. காற்று மாறிவிட்டது, அவ்வளவுதான். மூட்டை மாறும்போதெல்லாம் அந்தப் பாத்திரத்தை ஒருமுறை தராசில் வைத்துப் பார்ப்பதற்கு இரண்டு நிமிஷம்கூட ஆகாது. அதைச் செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

சமையல் குறிப்பு எழுதுகிறவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பாஸ்தா, சேமியா, அவல், பொரி, கீரை, நறுக்கிய காய் ஆகியவற்றுக்குக் கிராம் கணக்கைக் கட்டாயம் எழுதுங்கள். அரிசி, ரவை, சர்க்கரைக்குக் கோப்பை இருந்துவிட்டுப் போகட்டும். எத்தனை மில்லிலிட்டர் கோப்பை என்று மட்டும் சொல்லுங்கள். வெந்தபின் அளப்பதா, வேகுமுன் அளப்பதா என்பதையும் மறக்க வேண்டாம். பாஸ்தா வெந்தால் அதன் எடை இரண்டு மடங்குக்குமேல் போகும். ஆசிரியர்களான எங்களுக்கு: அலகு மாற்றப் பயிற்சியில், பத்துக் கணக்குகளுக்கு நடுவே, 'ஒரு லிட்டர் மக்ரோனி எத்தனை கிலோ?' என்று ஒரு கணக்கைக் கொடுப்போம். "போதிய விவரம் தரப்படவில்லை" என்று எழுதுகிற பிள்ளைக்கு முழு மதிப்பெண்.

என் மகள் இப்போது பொட்டலத்தின் மேல் ஓர் ஆராய்ச்சி நடத்துகிறாள். கடையில் வாங்கும் மக்ரோனிப் பொட்டலத்தின் மேல்பாகம் காலியாக இருக்கிறது, ஏமாற்றுகிறார்கள் என்பது அவள் புகார். லாரியில் குலுங்கிக் குலுங்கி அமுங்கியிருக்கலாம் என்றேன். நம்பவில்லை, எடை போட்டாள். அச்சிட்டபடி 500 கிராம் இருந்தது. முகத்தில் சிறிது ஏமாற்றம்.

ஊரில் அம்மாவின் அரிசிப் பானையில் பித்தளை ஆழாக்கு ஒன்று இன்னும் கிடக்கிறது. போன வாரம் தராசை எடுத்துக்கொண்டு போய், அவரை ஐந்து முறை அளக்கச் சொன்னேன். கோலும் இல்லை, ஒன்றும் இல்லை. உள்ளங்கையால் ஒரு வழி வழித்துவிடுவார். ஐந்து முறைக்கும் சேர்த்து வித்தியாசம் ஒரு கிராம். எனக்கு இரண்டு வந்ததே என்று சொல்லவில்லை.

உங்கள் வீட்டிலும் பழைய படியோ உழக்கோ ஆழாக்கோ இருக்கும். அதன் வாயின் விட்டத்தையும் உள் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றிக் கொள்ளளவு பாருங்கள். பிறகு அதே பாத்திரத்தில் அரிசியைத் தலை தட்டி ஐந்து முறையும், குவித்து ஐந்து முறையும் அளந்து, பத்து எடைகளையும் எழுதுங்கள். எந்த ஊர், என்ன அரிசி, யார் அளந்தது என்பதையும் சேர்த்து இந்த இதழுக்கு அனுப்பிவையுங்கள். சராசரியை மட்டும் எழுதி அனுப்ப வேண்டாம். பத்து எண்ணும் வேண்டும்.